இரத்தோட்டை மனோன்மணியின் கடிதம்

“‘மிளகுக்கொடி’ ஒன்பதாவது இதழின் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள, இரத்தோட்டையிலிருந்து வந்திருக்கும் எமது வாசகி திருமதி மனோன்மணி அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்.”

ஒலிவாங்கியில் இதைச் சொன்னவர் என் நண்பர் பாரூக். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

மாத்தளை நகரில், சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மண்டபத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வாசனைக்குள், பின்னால் மேசையில் மூடி வைத்திருந்த பொரித்த ரோல்ஸின் வாசனை புகுந்து, கூட்டத்தில் பாதிப்பேரின் கவனத்தை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சேலை. கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மேடைக்கு நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

அந்தப் பெண் எங்கள் சஞ்சிகைக்கு ஒருநாளும் கடிதம் எழுதியவர் அல்ல. அவர் பெயரில் வெளிவந்த கடிதத்தை எழுதியவன் நான். அது அவருக்குத் தெரியும். பாரூக்குக்கும் தெரியும். தெரியவே கூடாத ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களின் அசட்டுத்தனங்களை வாராவாரம் சுவையாக எழுதி நல்ல பெயர் வாங்கிவிட்டேன். இந்த வாரம் என் முறை.

எட்டு இதழ்கள், கடிதம் ஒன்றுமில்லை

‘மிளகுக்கொடி’ கலை இலக்கியக் காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருப்போம். வருவது எங்களுக்கு முடிந்தபோது. கதை, கவிதை, ஓவியம், சிங்களத்திலிருந்து இரண்டொரு மொழிபெயர்ப்பு. ஆசிரியர் குழு என்றால் நானும் பாரூக்கும்தான். அவர் கடைத்தெருவில் போட்டோப்பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கிறார். நான் நீதிமன்றமொன்றில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பக்க அமைப்பு அவருக்கு. புதிய இதழ் வந்திருக்கிறது என்பதை ஊருக்குத் தெரியப்படுத்தும் வேலை எனக்கு.

இதழை அச்சடிப்பது சுலபம். அது வந்துவிட்டது என்று நாலு பேரை நம்பவைப்பதுதான் கஷ்டம்.

எட்டாவது இதழுக்கு பஸ் நிலையச் சுவரில் சுவரொட்டி ஒட்டினோம். இடமும் வலமும் ரியூஷன் வகுப்புச் சுவரொட்டிகள். எனக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன. நான்கு பேரும் பிள்ளைக்குக் கணித வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். நாலாவது தாய்க்கு, எங்களிடம் கவிதைதான் இருக்கிறது என்று விளக்கினேன். “பரவாயில்ல சேர், அது ஃபிரீயா?” என்றார்.

வாசகர் கடிதம் என்று ஒன்று, எட்டு இதழ்களில் ஒன்றுகூட வரவில்லை. ‘வாசகர் முற்றம்’ என்று தலைப்பிட்ட அரைப்பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் பாரூக் ஒரு பூக்கொடியை அச்சிட்டு இடத்தை நிரப்புவார். எட்டு இதழிலும் அந்தக் கொடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வந்தது.

யோகராஜ்

எங்களுக்குப் படம் வரைபவர் யோகராஜ். நாற்பத்தைந்து வயது. சீகிரியாவில் உல்லாசப் பயணிகளுக்கு முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். குன்றில் ஏறப் போனவர்கள் வியர்த்து விறுவிறுத்து இறங்கி வரும்வரை, வண்டிக்குள் உட்கார்ந்து சாதாரண நீலப் பேனையால் வரைவார். யாரிடமும் படித்ததில்லை. சீகிரியாவில் ஓவியம் என்றால் எல்லோரும் மேலே, பாறையிலுள்ள பழைய ஓவியங்களைத்தான் பார்க்கிறார்கள், கீழே நிற்கிற என்னை யார் பார்ப்பது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

எட்டாவது இதழ் வந்து சில வாரங்களில் தொலைபேசி எடுத்தார்.

“சேர், கோவிக்காதீங்க. இதோட நிப்பாட்டிக்கிறேன்.”

“ஏன் யோகராஜ்?”

“எட்டுப் படம் குடுத்தேன் சேர். ஒருத்தரும் நல்லாருக்குன்னும் சொல்லல, நாசமாப் போன்னும் சொல்லல. கெணத்துல கல்லு போட்டாக்கூட ஒரு சத்தம் கேக்கும்.”

ஒன்பதாவது இதழின் அட்டைக்கு அவர் படத்தை நம்பியிருந்தேன். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. “கடிதமெல்லாம் வருகிறது யோகராஜ், அடுத்த இதழில் போடுகிறோம்” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து சொல் போய்விட்டது. இனிக் கடிதம் வரவேண்டும்.

நான் எழுதிய வாசகி

அன்று பிற்பகலே எழுதினேன். இதோ, முழுமையாகத் தருகிறேன். வெட்கப்படுவதற்கு வசதியாக இருக்கும்:

‘அன்புள்ள ஆசிரியருக்கு, எட்டாவது இதழில் வந்த பஸ் தரிப்பிடப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினேன். எங்கள் வாழ்க்கையை இவ்வளவு உயிரோட்டமாக வேறு யாரும் வரைந்ததில்லை. படத்தை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒன்பதாவது இதழை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.’

கீழே ஒரு பெயர் வேண்டும். பேனை தானாகவே ‘மனோன்மணி, இரத்தோட்டை’ என்று எழுதியது. கற்பனைப் பெயர் என்றுதான் நினைத்தேன்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் விளங்கியது. நான் வேலையிலிருந்த காலத்தில் ஒரு வழக்கு. ஒருவருடைய ஆடு பக்கத்துத் தோட்டத்துக் கராம்புக் கன்றுகளைத் தின்றுவிட்டது. சாட்சி சொல்ல வந்தவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். “ஆடு வேலியத் தாண்டலங்க, அங்க வேலியே இல்ல” என்றார். நான் அவசரத்தில், வேலி உடைந்திருந்தது என்று நீதவானுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

“ஐயா, ஒடஞ்சிருந்திச்சின்னு நான் சொல்லல. இல்லவே இல்லன்னேன்” என்றார் அந்தப் பெண், என்னைப் பார்த்து. அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். நீதவான் சிரித்தார். முழு மண்டபமும் சிரித்தது. முப்பது வருட வேலையில் ஒரு சாட்சி என்னைத் திருத்தியது அந்த ஒரு தடவைதான். அவர் பெயர்தான் மனோன்மணி.

துண்டுப்பிரசுரம்

கடிதத்தை வாசகர் முற்றத்தில் மட்டும் போட்டிருந்தால் தப்பியிருப்பேன். எட்டு இதழ்களுக்குப் பிறகு கிடைத்த ஒரே கடிதம் அல்லவா? அதையே விளம்பரமாக்கினேன். ‘மிளகுக்கொடியைப் பற்றி ஒரு வாசகி’ என்று தலைப்பு வைத்து, கடிதத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே வெளியீட்டு விழாவின் நாளும் நேரமும். பாரூக் கடையில் அடித்து, நாவுல முதல் இரத்தோட்டை வரை பஸ்களில் கொடுத்தனுப்பினோம். வட்ஸ்அப்பிலும் அனுப்பினோம்.

யோகராஜ் அதை லெமினேட் செய்து வண்டிக்குள் தொங்கவிட்டார். வெள்ளைக்காரர்கள் சிலர் அதை ஏதோ சுலோகம் என்று நினைத்துக் கைகூப்பினார்களாம். இவரும் மறுக்கவில்லையாம். அட்டைப்படம் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் மறுபடி தொலைபேசி.

“சேர், அம்மாவக் கண்டுபிடிச்சிட்டேன்!”

“எந்த அம்மா?”

“மனோன்மணி அம்மா! இரத்தோட்டைக்கே போய்ட்டேன் சேர். பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சேன். ‘கருவாடு சுத்தின பேப்பரையும் விரிச்சு வெச்சிப் படிக்குமே, அந்த மனோன்மணியா’ன்னு ஒருத்தர் கேட்டாரு. தோட்டத்து லயத்து வீட்டுக்கே கூட்டிட்டுப் போய் விட்டாரு.”

“அவர் என்ன சொன்னார்?”

“நான் கடிதமே எழுதலன்னாங்க சேர். படிச்சவங்க இல்லியா, அதான் கூச்சம். பெரிய ஆளுங்க அப்பிடித்தான். நான் எட்டாவது இதழக் குடுத்து, வெளியீட்டுக்குக் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டேன். மொதல் பிரதி அவங்கதான் வாங்கணும் சேர். இல்லாட்டி என் படம் வேணாம்.”

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி பெறுவதற்கென்று கடைத்தெருவில் ஒரு முதலாளி இருக்கிறார். பட்டு வேட்டி, பெரிய புன்னகை. பெற்ற பிரதியை அவர் திறந்ததாக வரலாறு கிடையாது. அவரை நிறுத்துவது எப்படி என்று யோசிக்கவே எனக்கு நேரமில்லை. ஓடிப்போய் பாரூக்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அல்லாஹ்வே!” என்றார் அவர். “பேரொண்டு வேணுமெண்டா எங்கட மூத்தப்பாட பேரப் போட்டீக்கலாமே ஐசே. அவர் மௌத்தாகி முப்பது வருஷம். ஆருமே தேடிப் போகேலாது!”

வாசலில் விசாரணை

விழா நாளில் முதல் ஆளாக வந்தவர் மனோன்மணிதான். நான் வாசலில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னைப் பார்த்தார்.

“கோட்ல இருந்த ஐயாதானே நீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப கடிதமும் நீங்கதான்.”

நான் துடைத்த கதிரையையே மறுபடி துடைத்தேன்.

“அன்னைக்கும் நான் சொல்லாதத நான் சொன்னதாச் சொன்னீங்க. இன்னைக்கும் அதேதான். எம்மேல என்னய்யா உங்களுக்கு?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றதாகவும் காட்டவில்லை, தள்ளியதாகவும் காட்டவில்லை. பையிலிருந்து துண்டுப்பிரசுரத்தை எடுத்தார்.

“கண் கலங்கினேன்னு போட்டிருக்கீங்க. படத்தப் பாத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு. ஏன்னு மேடையில சொல்றேன். ‘ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்’னு எந்தப் பொம்பளய்யா எழுதுவா? ரேடியோல வாசிக்கிற மாதிரி!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தத் தம்பி எங்க வாசல்ல வந்து நின்னப்ப மூஞ்சி எப்பிடி இருந்திச்சு தெரியுமா? நான் எழுதலன்னு மூணு தடவ சொன்னேன். காதுல ஏறல. நீங்களே சொல்லிருங்க. இன்னைக்கே.”

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேடை

முதற்பிரதியைப் பெற்றதும் கீழே இறங்குவதுதான் வழக்கம். மனோன்மணி பாரூக்கின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கடிதத்த நான் எழுதல.”

மண்டபம் கைதட்டியது. அவையடக்கம் என்று நினைத்தார்கள்.

“தட்டாதீங்க. நெசமாவே எழுதல. யாரோ எம்பேரப் போட்டுக்கிட்டாங்க. யாருன்னு அவங்களே சொல்லுவாங்க. ஆனா இந்தத் தம்பி வீடு தேடி வந்து பொஸ்தகம் குடுத்திச்சு. நாலு தடவ படிச்சேன். ரெண்டாவது கவித வெளங்கல. அது எம்மேல பிழையில்ல.”

இரண்டாவது கவிதை என்னுடையது.

“மத்தது, படம். பஸ் தரிப்பிடத்துல ஏழு பேரு நிக்கிறாங்க. அதுல ஒருத்தி கொழுந்துக் கூடையோட நிக்கிறா. டவுனுக்குப் போற எவளாச்சும் கூடைய மாட்டிக்கிட்டுப் போவாளா? பஸ்ஸுல ஏத்துவானா? அது பிழை. அதப் பாத்துத்தான் சிரிச்சேன். மத்தபடி தம்பிக்கு நல்ல கை.”

யோகராஜின் கைகள் தட்டுவதற்காக உயர்ந்து, ஒன்றையொன்று தொடாமல் பாதியில் நின்றன. மனோன்மணியைப் பார்த்தார். பிறகு பாரூக்கைப் பார்த்தார். பாரூக் மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்தது நன்றியுரை. பேசுபவர் நான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்குக் கிடைக்காது. எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். ஒலி அமைத்தவருக்கு நன்றி சொன்னேன். சிற்றுண்டிக்கு நன்றி சொன்னேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

கோழைத்தனம் என்பதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் கிடைக்கவில்லை.

முச்சக்கரவண்டி

வெளியே வந்தபோது யோகராஜ் வண்டிக்குள் தொங்கிய லெமினேட் தாளைக் கத்தரிக்கோல் இல்லாமல் பல்லால் நூலறுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் மனோன்மணி, மடியில் முதற்பிரதி, அதன்மேல் கடதாசியில் சுற்றிய இரண்டு ரோல்ஸ். இரத்தோட்டையில் கொண்டுபோய் விடுவதாக யோகராஜ் காலையிலேயே சொல்லியிருந்தாராம்.

“யோகராஜ், அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்.”

“வெளங்கிருச்சு சேர். நன்றியுரைல சவுண்ட்காரருக்கு ரெண்டு தடவ நன்றி சொன்னீங்க.”

எனக்கே தெரியாது.

அவர் நூலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க சேர். ஆளு பொய்யி, சரி. படத்தப் பத்தி எழுதினது? அதாச்சும் நீங்க நெனச்சதா?”

இங்கேதான் என் உண்மையான குற்றம் இருக்கிறது. பெயரைத் திருடியதை விட இது பெரிது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மனோன்மணி ரோல்ஸைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல யோகராஜ். நான் படத்தைச் சரியாப் பார்க்கவே இல்ல. பக்கத்தில எவ்வளவு இடம் பிடிக்கும்னுதான் பார்த்தேன். எட்டுப் படத்தையும் அப்படித்தான்.”

தெருவில் எங்கோ கராம்பு காயவைத்திருந்தார்கள். அந்தக் காரவாசனை வந்து போனது. யோகராஜ் ஆசனத்துக்கு அடியிலிருந்து அட்டைக் கோப்பொன்றை இழுத்தார். அதற்குள்ளிருந்து பஸ் தரிப்பிடத்தின் மூலப்படத்தை எடுத்தார்.

“ஏறுங்க.”

ஏறினேன். மனோன்மணி தள்ளி உட்கார்ந்தார். படம் என் மடிக்கு வந்தது.

“இப்பப் பாருங்க. பாத்துட்டு ஏதாச்சும் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.”

“சீக்கிரம் பாருங்கய்யா,” என்றார் மனோன்மணி. “மழ இருட்டுது. துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன்.”

“கோடுகள் நல்ல உயிரோட்டமா…”

“அது கடிதத்துலயே இருக்கு” என்றார்கள் இருவரும்.

மறுபடி பார்த்தேன். மங்கிய நீலத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு வாங்கு, ஏழு பேர். ஆறு பேரும் கழுத்தை ஒரே பக்கம் நீட்டியிருந்தார்கள், பஸ் வரும் பக்கம். ஒருவர் கையில் குடை, மடித்தபடி. ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கூடைக்காரி மட்டும் மறுபுறம் பார்த்தாள். அவள் கால் விரல்களும் மறுபுறம்தான் திரும்பியிருந்தன, மலைப்பக்கம். கூரை விளிம்பிலிருந்து வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அச்சான இதழில் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, மை சிந்திவிட்டது என்று அச்சகத்தாரோடு சண்டை பிடித்தவன் நான்.

“இந்தக் கூடைக்கார அம்மா பஸ்ஸுக்கு நிக்கல” என்றேன்.

முன்னாசனத்தில் யோகராஜின் கை சாவிக்குப் போனது. நான் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினேன்.

“இது மழை. கூரையிலேருந்து சொட்டுது. மலைக்கு ஏறிப் போற வழியில மழைக்கு ஒதுங்கியிருக்காங்க. எப்ப விடும்னு பார்க்கிறாங்க.”

மனோன்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“அட, ஆமா!” என்றார். “கொழுந்து நனஞ்சா கணக்கப்புள்ள தண்ணிக்கின்னு ரெண்டு கிலோவக் கழிச்சிருவான்ல. அதான் ஒதுங்கியிருக்கா. நாலு தடவ பாத்தும் எனக்கு இது தெரியலியே. தம்பி, மேடையில பிழையாச் சொல்லிப்புட்டேன்.”

வண்டி ஸ்டார்ட் ஆனது.

பாதி வழியில் நிஜ மழை பிடித்தது. மனோன்மணி துணிக்காக ஒரு தடவை பெருமூச்சு விட்டுவிட்டு, மீதி ரோல்ஸை எனக்கும் யோகராஜுக்கும் பிட்டுக் கொடுத்தார்.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வெட்கம் கெட்டவன் நான், பத்தாவது இதழுக்குப் படம் கேட்டேன்.

யோகராஜ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “நீங்க மொதல்ல ஒரு கடிதம் எழுதுங்க சேர். அந்தப் படத்தப் பத்தி. உங்க பேர்ல. படிச்சிட்டுச் சொல்றேன்.”

மனோன்மணி பெயரில் எழுதியது கால்மணி நேரத்தில் முடிந்தது. என் பெயரில் எழுதும் கடிதத்தைத் தொடங்கி ஐந்து மாதமாகிறது. நேற்றுக் காலை நாலாவது வரியை வெட்டிவிட்டு, எட்டாவது இதழில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.